திருவனந்தபுரம் – துபாய்: போக 2:45, வர 5:30 காட்டுது, ஏன்? அவசரம்

மார்த்தாண்டம்_87: அண்ணனுக்கு டிக்கெட் போடணும். போறது 10:20க்கு எடுத்து 13:05க்கு இறங்குது. வர்றது 04:00க்கு எடுத்து 09:30. ஒரே தூரம்தானே, எப்படி ரெண்டு மடங்கு? வரும்போது வழியில வேற ஊர்ல இறக்குவானா? மார்த்தாண்டத்துல வீட்டுல இருந்து எப்ப கிளம்பணும்? சீக்கிரம் சொல்லுங்க.

குழித்துறைக்காரன்: துபாயா, ஷார்ஜாவா? எந்த மாசம்? நேரடி பிளைட்டுதானா? இது சொல்லாம என்ன சொல்ல மக்கா.

பாறசாலை: பூமி மேற்கேயிருந்து கிழக்கே சுத்துது. மேற்கே போகும்போது துபாய் நம்மள நோக்கி வருது, அதான் சீக்கிரம் சேருது. சிம்பிள்.

டைம்டேபிள்: இந்தக் கேள்வி இங்க மாசாமாசம் வருது, தேடிப் பாத்தா கிடைக்கும். பரவாயில்ல, சொல்றேன். டிக்கெட்டுல எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி. போறதுல 2:45ஓட 1:30 கூட்டு: 4:15. வர்றதுல 5:30ல 1:30 கழி: 4:00. வித்தியாசம் வெறும் கால் மணி நேரம்.
வான்வழி தூரம் சுமார் 2,950 கிலோமீட்டர். மணிக்கு 840 வேகத்துல மூணரை மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறது, கேட்டுல நிக்கிறது எல்லாம் சேர்ந்துதான் மீதி.

பாறசாலை: அப்ப அந்தக் கால் மணி நேரம்? பூமி சுத்துறதுதானே.

டைம்டேபிள்: காத்தும் பூமியோட சேர்ந்துதான் சுத்துது, பள்ளிக்கூடப் பாடம். அந்தக் கால் மணி, காத்தோட வேலை. குளிர்காலத்துல வடக்கே போகப் போக உயரத்துல மேற்கேயிருந்து பலமா வீசும். போகும்போது எதிர்க்காத்து, வரும்போது பின்காத்து.

குழித்துறைக்காரன்: அது குளிர்காலம். தென்மேற்குப் பருவத்துல தென்னிந்தியாவுக்கு மேல உயரத்துல கிழக்குக்காத்து, அப்ப வித்தியாசம் சுருங்கும். அதுக்குத்தான் மாசம் கேட்டேன்.

பாறசாலை: கீழ தென்மேற்குல இருந்துதானே அடிக்குது? மேல மட்டும் எப்படி கிழக்கே இருந்து?

குழித்துறைக்காரன்: மழை கொண்டு வர்ற காத்து கீழ சில கிலோமீட்டர் உயரத்துக்குள்ள. பிளைட்டு 11 கிலோமீட்டர்ல போகுது, கேட்டியா. அங்க காத்தோட திசையே வேற.

மார்த்தாண்டம்_87: துபாய்தான். நேரடிதான். அக்டோபர் கடைசி, இல்லன்னா நவம்பர். கிளம்புற நேரம் சொல்லலையே.

களியல்: அக்டோபர், நவம்பர்னா ஐப்பசி ஆறாட்டு தேதி பாருங்க. பத்மநாபசாமி கோயில் சாமியைக் கடல்ல நீராட்டக் கொண்டு போற ஆறாட்டு ஊர்வலம், ஏர்போர்ட் ரன்வே வழியாத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்னைக்குச் சாயந்திரம் சில மணி நேரம் விமானம் எதுவும் ஏறாது, இறங்காது. பங்குனியிலயும் அப்படித்தான். காலை பிளைட்டுக்குத் தொல்லை இல்ல, ஆனா அன்னைக்குச் சாயந்திரம் சங்குமுகம் பக்கம் ரோடும் நெரிசல்.

குழித்துறைக்காரன்: 10:20க்கு எடுக்குற பிளைட்டுக்கு 7:20க்குள்ள உள்ள நிக்கணும். கவுண்டர் பொதுவா ஒரு மணி நேரம் முன்னாடி மூடிருவான். அஞ்சரைக்குக் கிளம்பு. களியக்காவிளை தாண்டி காரோடு பைபாஸ் பிடி, ஈஞ்சக்கல், சாக்கை. வெளிநாட்டு டெர்மினல் சாக்கை பக்கம். சங்குமுகம் பக்கம் போனா உள்நாட்டு டெர்மினல்ல போய் நிப்ப, சுத்தி வர நேரம் போயிரும்.

பாறசாலை: பைபாஸ்ல டோல் உண்டு. நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியே பழைய ரோட்டுல காலைல நெரிசல் இருக்காது.

களியல்: பாலராமபுரத்துல ஒரு லாரி நின்னா போதும் அண்ணாச்சி. டோலைப் பாக்காதீங்க.

டைம்டேபிள்: திரும்பி வர்ற தேதியையும் ஒருக்கா பாத்துக்கோ. 04:00ன்னா விடியக்காலம். 14ஆம் தேதின்னு போட்டிருந்தா 13ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்டுல இருக்கணும். 14 ராத்திரி போனா பிளைட்டு இருக்காது.

மார்த்தாண்டம்_87: டிக்கெட் போட்டாச்சு, ஆறாட்டு அன்னைக்கு இல்ல. நன்றி. கைப்பெட்டி எத்தன கிலோ?

குழித்துறைக்காரன்: எந்தக் கம்பெனி டிக்கெட்? அதச் சொல்லு முதல்ல.