துபாய்க்குப் படிக்கப் போகிறேன், விடுமுறை நாட்களில் எங்கே போகலாம்?

கீழக்கரை மாணவி:

அனைவருக்கும் ஸலாம், வணக்கம். வரும் செப்டம்பரில் துபாயில் பொறியியல் சேர்கிறேன். கல்லூரி விடுதியில்தான் தங்குவேன். வாப்பா 22 வருடமாக அங்கே தேரா பகுதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். ஐந்து பேரோடு ஓர் அறையில் இருப்பதால் அவரோடு நான் தங்க வழியில்லை.

அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த நாட்டைப் பற்றிக் கேட்பேன். கடை, அறை, பள்ளிவாசல், இந்த மூன்றுக்கு மேல் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. நான் நாலு வருடம் அங்கே இருந்துவிட்டு அதே மூன்றைச் சொல்லிக்கொண்டு திரும்ப விரும்பவில்லை. கைச்செலவுக்கு மாதம் 300 திர்ஹாம் தான். அதற்குள் எங்கெல்லாம் போகலாம்? பெண்பிள்ளைகள் சேர்ந்து போனால் பயம் இருக்கிறதா?

தொண்டி வாசகர்:

மகளே, படிப்பதற்காக அனுப்புகிறார்கள். முதல் வருடம் பாடத்தில் கால் ஊன்றிக்கொள், ஊர் சுற்றுவதை அப்புறம் பார்க்கலாம். ஒரு தகப்பன் அங்கே எப்படிச் சம்பாதிக்கிறான் என்று எனக்குத் தெரியும். நானும் ஷார்ஜாவில் 11 வருடம் இருந்தவன்.

தங்கச்சிமடம் கடற்கரையான்:

தொண்டி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தங்கச்சி, போய்ப் பார். நான் 2014 முதல் 2018 வரை அங்கே படித்தேன். முதல் வருடம் முழுக்க வணிக வளாகங்களிலேயே திரிந்தேன். அதில் ஒரு நாள்கூட இப்போது நினைவில் இல்லை.

நினைவில் இருப்பது ஒரு வெள்ளிக்கிழமை. என் காலத்தில் வெள்ளி, சனி விடுமுறை. 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள். நானும் மலப்புரத்து நண்பன் ஒருவனும் முந்தின நாள் சாயங்காலம் யூனியன் நிலையத்தில் ஃபுஜைரா பஸ் ஏறினோம். ஆளுக்கு 25 திர்ஹாம். ஹஜர் மலையைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஓமன் வளைகுடா. இரவு அவன் உறவினர் அறையில் படுத்துவிட்டு, விடியுமுன் பிதியா என்ற ஊருக்கு டாக்சி பிடித்தோம். அங்கே 1446 வாக்கில் கட்டியதாகக் கணிக்கப்படும் மண் பள்ளிவாசல் ஒன்று உண்டு. மினாரா கிடையாது. நான்கு குவிமாடங்களையும் நடுவில் ஒரே ஒரு தூண் தாங்குகிறது. உங்கள் ஊர்ப் பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண் வரிசையைப் பார்த்து வளர்ந்த உனக்கு அந்த ஒற்றைத் தூண் நிச்சயம் பிடிக்கும்.

அதைப் பார்த்துவிட்டுக் கரையோரமாக நடந்தபோதுதான் அந்தக் காட்சி. கரைவலை! எங்கள் தாத்தா தனுஷ்கோடியில் இழுத்த அதே வலை. படகு அரைவட்டம் போட்டு வலையை விட்டு வந்திருக்கிறது, கயிற்றின் இரண்டு முனையும் கரையில். ஒன்றுதான் வேறு. கயிற்றை ஆட்கள் இழுக்கவில்லை, முனைக்கு ஒன்றாக இரண்டு ஜீப்புகள் மணலில் ஊர்ந்து இழுத்தன. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இல்லை, இன்ஜின் சத்தம்தான்.

மீன் சேரும் வலைப்பை, அதாவது மடி, கரைக்கு நெருங்கியதும் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் கை வைத்தார்கள். நான் கேட்கக்கூட இல்லை, போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். உள்ளங்கையை மேலே திருப்பி, கயிற்றை இடுப்போடு அணைத்து, குதிகாலை மணலில் புதைத்துப் பின்னால் சாய்வது எங்கள் பக்கத்துப் பிடி. வண்டி நிழலில் உட்கார்ந்திருந்த அரபுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் கையையே பார்த்தார். “நீ கடல்காரன் வீட்டுப் பிள்ளையா?” என்று இந்தியில் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

மடி நிறைய நம் சூடை மீன். அவர்கள் ஊமா என்கிறார்கள். அதை மணலில் பரப்பிக் காயவைத்து ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனமாகப் போடுகிறார்கள். எங்களுக்கு ஒரு பை கொடுத்தார்கள். பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்று ஒரு மலையாளி தேநீர்க் கடையில் கொடுத்துப் பொரித்துத் தின்றோம்.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். “எத்தனை பேர் இழுத்தார்கள்?” என்றார். வண்டி இழுத்தது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்படியென்றால் இழுத்த பங்கு யாருக்கு?” என்றார். அந்தக் கேள்விக்கு நாலு வருடப் படிப்பில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. மலைப்பக்கம் மேகம் கறுத்தால் வாதிக்குள் இறங்காதே. வாதி என்பது காட்டாறு. வைகைத் தண்ணீர் நம் பெரிய கண்மாய்க்கு வருவதற்கு நாலு நாள் முன்பே செய்தி வந்துவிடும். அங்கே எங்கோ பெய்த மழை சில நிமிடங்களில் உன் காலடிக்கு வரும். 2024 ஏப்ரல் 16 மழையில் துபாய் நகரமே மிதந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய்.

கீழக்கரை லாத்தா:

பயப்பட வேண்டாம், தங்கச்சி. மெட்ரோவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதி உண்டு. போனதும் உன் பெயரில் நீல நோல் அட்டை (மெட்ரோ, பஸ்ஸுக்கான பயண அட்டை) வாங்கு, மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். தேராவிலிருந்து பர்துபாய்க்கு ஆப்ரா படகில் ஒரு திர்ஹாம்தான், சாயங்கால வேளையில் போ. ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் எங்கும் கிளம்பாதே. ஜூன் 15 முதல் மூன்று மாதம் கட்டட வேலைக்காரர்களையே மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் நிறுத்தக் கூடாது என்பது அங்கே சட்டம்.

ஓமன் போவதானால் காகிதங்களைப் பார்த்துக்கொள். விசா புதுப்பிக்க என் பாஸ்போர்ட்டைக் கல்லூரி அலுவலகத்தில் வாங்கி, மூன்று வாரம் திருப்பித் தரவில்லை. ஓமனில் உள்ள கஸப் போகக் கட்டிய பணம் போனது, தோழிகள் மட்டும் போய் டால்பின் பார்த்து வந்தார்கள். இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. 2022 முதல் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் அடையாள அட்டையே போதும். இருந்தாலும் எல்லை தாண்டப் பாஸ்போர்ட் கையில் வேண்டும்.

கீழக்கரை மாணவி:

லாத்தாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. இதை வாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஃபுஜைரா பக்கம் கடல் இருப்பதே தெரியாது என்றார். அவருக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுப்பு. அவரையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

தங்கச்சிமடம் கடற்கரையான்:

தாராளமாக. யூனியனில் காலை முதல் பஸ் பிடித்தால் முன்மதியத்துக்குள் பிதியா. வலை இழுப்பு வெள்ளென முடிந்திருந்தாலும் மணலில் சூடை காய்ந்துகொண்டிருக்கும். டிசம்பரில் போங்கள். வாப்பாவுக்கு ஜன்னலோர இருக்கை கொடு.