புதுப்பிப்பு: வைகைக் கலங்கலுக்கு மரவள்ளி மாவுக் கரைசல்

மழைக்குப் பிந்தைய வைகைத் தண்ணீரின் கலங்கலைத் தெளியவைக்க, அதில் படிகாரத்தையும் மரவள்ளி மாவுக் கரைசலையும் ஒன்றாக ஊற்றலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தப்பு. முதலில் படிகாரம், ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கிய பிறகுதான் மாவு. களிமண் துகளின் எதிர்மின்னூட்டத்தைப் படிகாரம் தணித்தால்தான் மாவின் நீள இழைகள் துகள்களைப் பிணைக்கும். நேர்மின்னூட்டம் ஏற்றிய மாவு என்றால் கதை வேறு. அது ஆலையில் செய்வது.

10 கிராம் மாவை 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் 900 மி.லி. தண்ணீரில் ஊற்றி, கண்ணாடிபோல் ஆகும்வரை சுமார் 20 நிமிடம் கிண்டுங்கள். வேகாத வெள்ளைக் கட்டி தண்ணீரில் இன்னொரு அழுக்கு, அவ்வளவுதான். இதைப் பத்து மடங்கு நீர்த்தால் 1 மி.லி.யில் 1 மி.கி. மாவு. படிகாரம் கலக்கிய ஆற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 0.5, 1, 2 மி.கி. மாவு என்று தனித்தனிக் குடுவையில் ஊற்றிப் பாருங்கள். 15 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள், நிமிடத்துக்கு 30 சுற்று. வேகம் கூடினால் திரண்டது பொடிந்துவிடும், பழையபடி சேராது. அரை மணி நேரம் படியவிடுங்கள்.

அளவு மிஞ்சினால் மாவு துகள்களை முழுக்கப் போர்த்தி, ஒட்ட இடமில்லாமல் கலங்கல் திரும்பும். மீந்த மாவு கிருமிகளுக்குத் தீனி; குளோரினும் கூடுதலாகக் கேட்கும். கரைசல் புளித்துவிடும், அன்றன்றைக்கே காய்ச்சுங்கள்.