ஓட்டுக் கூரைக்கு ஸ்ப்ரே ஃபோம் அடிக்கலாமா?

சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ஸில் பழைய டெரஸ் வீடு. மத்தியானம் மாடி அறை கொதிக்கிறது, ஏர்கான் ஓய்வதே இல்லை. ஓட்டுக்கு அடியில் ஃபோம் (தெளித்ததும் நுரைத்து இறுகும் வெப்பத் தடுப்பு) அடித்தால் கரண்ட் பில் குறையுமா?

கூரைக்காரன்: குறையும். ஆனால் ஓட்டிலேயே நேராக அடிக்க விடாதீர்கள் தம்பி. ஓடெல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஒன்று உடைந்தால் தனியாகக் கழற்ற முடியாது. ஒழுகினாலும் இடம் தெரியாது, நம்ம ஊர் மழைக்கு மரச்சட்டம் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். நானாக இருந்தால் ஃபால்ஸ் சீலிங் மேல் ராக்வூல் (வெப்பம் தடுக்கும் பாறை நார்ப் பஞ்சு) விரிப்பேன். அடித்தே தீருவீர்கள் என்றால், அன்றைக்கு வீட்டில் யாரும் இருக்க வேண்டாம். ஃபோம் ரசாயனமான ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்கு ஆகாது.

மேல்மாடிக்காரி: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு?

கூரைக்காரன்: அக்கா, அந்தக் கூரை நகர மன்றத்தின் பொறுப்பு, தொடாதீர்கள். மேற்குச் சன்னலுக்கு வெயில் தடுப்பு ஃபிலிம் ஒட்டுங்கள்.