புதுப்பிப்பு: ஐஸ்கிரீம் கேக் அடுக்குகள் கலக்காமல் நின்றன

ஐஸ்கிரீம் கேக்கில் வெனிலா ஐஸ்கிரீமும் மாம்பழ ஐஸ்கிரீமும் கலந்துவிடாமல் அடுக்குவது எப்படி என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஒவ்வொரு அடுக்கையும் இறுகவிட்டு அடுத்ததைப் போடச் சொன்னவரின் யோசனைதான். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவு வெனிலா இறுகியபின் மாம்பழம். அதையும் உருகவிடாமல், கரண்டியால் தடவ வரும் பதத்துக்கு மட்டும் இளக்கினேன். முழுக்க உருகியதை மறுபடி உறையவைத்தால் வாயில் நறநறக்கும்.

அடி அடுக்காக, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றிச் செய்த ஸ்பாஞ்ச் கேக் போடச் சொன்னதும் சரி. வெண்ணெய் கேக் அந்தக் குளிரில் கல்லாகிவிடும்.

எதிர்பாராதது நடுவில் ஊற்றிய சாக்லேட். வெந்நீரில் முக்கிய கத்திக்கும் மசியாமல் பலகையாய் உடைந்தது, கீழே வெனிலா பிதுங்கியது. அங்கே கிரீம் சேர்த்து இளக்கிய சாக்லேட்தான் லாயக்கு. ருசியில் குறையில்லை, அது வேறு விஷயம்.