புதுப்பிப்பு: மூத்த மெக்கானிக்குகளும் புதிய பிள்ளைகளும் இப்போது பேசுகிறார்கள்

எங்கள் பம்ப்செட் பழுதுபார்க்கும் பிரிவில் மூத்தவர்களும் ஐ.டி.ஐ. முடித்து வந்த பிள்ளைகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தேன். கூட்டாக ஆடும் விளையாட்டு ஒன்றை முயன்று பார்க்கச் சொன்னீர்கள். ஹனாபி வாங்கினோம். ஜெர்மனியில் 2013-இல் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வான சீட்டாட்டம் அது.

அதில் நம் சீட்டு நமக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத்தான் தெரியும். நிறம் அல்லது எண், இரண்டில் ஒன்றை மட்டுமே குறிப்பாகச் சொல்லலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு வில்லை செலவாகும், கையிருப்பு 8 வில்லைகள்தான். வென்றாலும் தோற்றாலும் எல்லோரும் சேர்ந்துதான்.

முதலில் மூத்தவர் ஒருவர் "இது சிவப்பு" என்றதும் பையன் சட்டென்று அதை இறக்கிவிட்டான், ஆட்டம் கெட்டது. "வைத்துக்கொள் என்றுதானே சொன்னேன், தம்பி?" "இறக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன், அண்ணா." எங்கள் வேலையிலும் இதே கதைதான். "சத்தம் சரியில்லை" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். இவன் கேட்கத் தயங்கி மோட்டாரையே பிரித்துப்போடுவான். இப்போது, "பேரிங் சத்தமா, இம்பெல்லர் உரசுகிறதா, அண்ணா?" என்று கேட்கிறான். அவரும் நின்று பதில் சொல்கிறார். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

ஒருவர் மட்டும் ஆட வரவில்லை. வற்புறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து பாண்டமிக் என்ற இன்னொரு கூட்டு விளையாட்டை வாங்கச் சிலர் சொல்கிறார்கள். அதில் யார் கையில் என்ன சீட்டு என்பதை எல்லோரும் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம் என்பதால், அனுபவசாலி ஒருவரே அனைவருக்கும் கட்டளையிட்டுவிட முடியும். எங்களுக்கு இப்போதைக்கு ஹனாபியே போதும்.