கைரல் சல்பாக்சைடு: நொதி பாதியிலேயே படுத்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காகத் தயோஅனிசோல் என்ற கந்தகச் சேர்மத்தை நொதி வைத்து மெத்தில் பினைல் சல்பாக்சைடாக (கந்தகத்தில் ஓர் ஆக்சிஜன் ஏறிய வடிவம்) மாற்றுகிறேன். கந்தகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஆக்சிஜன் ஏற வேண்டும், அப்போதுதான் இடக்கை, வலக்கை போன்ற இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் (இந்தத் தன்மைதான் கைரல்) ஒன்று மட்டும் கிடைக்கும், அதுதான் விஷயமே. வயிற்று அமிலத்துக்குப் போடும் எசோமெப்ரசோல் மாத்திரையில் கந்தகம்தான் கைரல் மையம். பூண்டில் இருக்கும் அல்லினிலும் கந்தகம் அப்படித்தான். (ஆச்சியிடம் சொன்னேன். "பூண்டு உரிக்கவா காலேஜுக்குப் போற?" என்றாள்.)

அசினெட்டோபாக்டர் பாக்டீரியாவின் சைக்ளோஹெக்சனோன் மோனோஆக்சிஜனேஸ் என்ற நொதியை ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கி, முழுச் செல்லாகவே பயன்படுத்துகிறேன். நொதிக்கு எலக்ட்ரான் தரும் என்.ஏ.டி.பி.எச். தீராமலிருக்கக் குளுக்கோஸ் போடுகிறேன். முதல் 2 மணி நேரம் ஜோராக ஓடுகிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. இந்த நொதி சூடு தாங்காது. நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம், எங்கள் ஷேக்கரில் குளிரூட்டும் வசதியும் கிடையாது. ஆனால் சூடு மட்டும்தான் காரணமா? தயோஅனிசோல் செல்லைக் கொல்கிறதா, ஆக்சிஜன் போதவில்லையா? எதை முதலில் சோதிக்கலாம்? பினைல்அசிட்டோன் மோனோஆக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதி வெப்பம் தாங்கும், ஆனால் தயோஅனிசோலில் அதன் கைத்தேர்வு (ஒரு கை வடிவத்தை மட்டும் தரும் திறன்) சுமார்தான். மாற மனமில்லை.

இன்னொன்று, இரண்டு கை வடிவங்களையும் பிரித்துக் காட்டும் கைரல் காலம் (column, எச்.பி.எல்.சி. கருவியில் மாட்டும் குழாய்) இங்கே இல்லை. டி.எல்.சி.யில் (மெல்லடுக்கு நிறப்பிரிகை) சல்போன், அதாவது இரண்டாவது ஆக்சிஜனும் ஏறிய சேர்மத்தின், புள்ளி தெரியவில்லை, அதுவரை ஆறுதல். மதுரை, நாகர்கோவில் பக்கம் கைரல்செல் ஓ.டி.-எச். என்ற கைரல் காலம் வைத்திருப்பவர்கள் 6 சாம்பிள் ஓட்டித் தர முடியுமா? ஹெக்சேன், ஐசோபுரப்பனால் எல்லாம் நானே வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.