வாசலுக்கும் தோட்டத்துக்கும் எந்த விளக்கு போடலாம்?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் புது வீடு. முன்னால் சின்ன வாசல், ஒரு மாமரம், பின்னால் கிணற்றடி. கடைக்காரர் 50 வாட் வெள்ளை ஃப்ளட் லைட் இரண்டு மாட்டச் சொல்கிறார். சோலார் போதுமா?

‘கொல்லைப்புறம்’ என்ற பெயரில் ஒருவர்: 50 வாட்டா? கிரிக்கெட் ஆடப் போகிறீர்களா என்ன! வாசலுக்கு 9 வாட் எல்.இ.டி. தாராளம். 3000 கெல்வினுக்குள் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, பெட்டியில் போட்டிருக்கும்) இருக்கும் மஞ்சள் ஒளியாகப் பாருங்கள், நீலம் கலந்த வெள்ளைக்குத்தான் பூச்சி அதிகம் வரும். எங்கள் வீட்டில் முதல் மழைக்கு வந்த ஈசலை மறுநாள் காலையில் முறத்தில் அள்ளினோம்.

பழைய வயர்மேன்: விளக்கைவிட இணைப்புதான் முக்கியம். மழை நேராகப் படும் இடத்துக்கு ஐ.பி.65 (தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கும் தரக் குறியீடு), தரையில் பதிப்பதற்கு ஐ.பி.67. வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள்; நான் அப்படிச் செய்த ஒரு வீட்டில் ஐப்பசி முழுக்க டிரிப் ஆகி, கடைசியில் பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீரும் எறும்பும். கிணற்றடி என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும்.

‘மாடித்தோட்டம்’ என்ற பெயரில் ஒருவர்: சோலார் கோடையில் ஜோர். அடைமழையில் எட்டு மணிக்கே மங்கிவிடும், மாமர நிழலில் சார்ஜே ஏறாது. பாதை ஓரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

கேட்டவர்: சரி, ஃப்ளட் லைட் வேண்டாம். கிணற்றடிக்கு அசைவைக் கண்டு எரியும் சென்சார் விளக்கு வைத்தால் பூனைக்கெல்லாம் எரியுமா?

பழைய வயர்மேன்: எரியும். சென்சாரைக் கொஞ்சம் உயரத்தில் மாட்டி, உணர்திறனைக் குறைத்துப் பாருங்கள்.